கொசுவலைக்குள் ஒரு கடிகாரம்

ஆரல்வாய்மொழியில் ஆனி பிறந்துவிட்டால் கதவைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் அது. முன்வாசலோ பின்வாசலோ, கொண்டியில் கை வைக்கும்போதே "கதவு" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் உடனே பேப்பர் மேல் கையை வைத்துக்கொள்வார்கள், மாவுப் பாத்திரத்தை மூடுவார்கள். எதிர்ப்பக்கத்துக் கதவு திறந்திருந்தால் "நில்லு" என்று பதில் வரும். அதைச் சாத்திய பிறகுதான் இதைத் திறக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கணவாய்க் காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போய்விடும். போகும்போது சும்மாவும் போகாது. ஒருமுறை என் கணக்கு வீட்டுப்பாடத் தாளைக் கொண்டுபோய்விட்டது. டீச்சரிடம் அப்படியே சொன்னேன். நம்பினார்கள். எங்கள் ஊரில் அது நம்பக்கூடிய காரணம்தான்.

ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அந்தச் சட்டத்தை ஒரே ஒருமுறை மீறினேன். தெரிந்தே மீறினேன். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா காற்றாடிகளில் வேலை பார்த்தார். வெளியூர்க்காரர்கள் காற்றாலை என்று மரியாதையாகச் சொல்வது எங்களுக்குக் காற்றாடிதான். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் உச்சிவரை ஏறி, இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் நுழைந்து போல்ட்டுகளை முடுக்குவார், எண்ணெய் விடுவார். சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு வந்து, குளிக்கக்கூட இல்லாமல், என்னை ஒரே கையால் தூக்கி வாசல் நிலையின் மேற்கட்டையைத் தொட வைப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதனால் கொஞ்சம் கர்வம் உண்டு. நான்கு பனை உயரத்தில் நின்று வேலை பார்க்கிற அப்பா வேறு யாருக்கு இருக்கிறார்? அம்மா மட்டும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது காற்றாடிகள் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டே நிற்பாள். கண்ணில் மண் விழாமல் இருக்க அப்படி நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வைகாசிக் கடைசியில் உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே போனது. கீழே நின்றவர் அப்பாவோடு பல வருஷமாக வேலை பார்ப்பவர். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்பேனர் அவர் தோளில் விழுந்து எலும்பு முறிந்துபோனது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த அத்தனை பேரும், நாலு விரல்கடை தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்கள். ஆறுதல் சொல்ல வந்து அதைக் கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு அப்பாவின் வலது கை ஆட ஆரம்பித்தது. டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் தளும்பி வேட்டியில் விழும். சட்டைப் பொத்தானைப் போட இரண்டு நிமிஷம் ஆகும். நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டினார்கள். நரம்பில் ஒன்றும் இல்லை, பயம்தான், தானாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். ஏதாவது ஒரு வியாதியின் பெயரைச் சொல்லியிருந்தால் அப்பா நிம்மதியாக மாத்திரை சாப்பிட்டிருப்பார். பயம் என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கம்பெனியில், கை சரியாகிற வரைக்கும் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் இருந்த அப்பாவைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது. அவர் என்னை அடித்ததே கிடையாது. அப்போதும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிடக்கும் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார், சேட்டை பண்ணிவிட்டு வந்த அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. நான் பக்கத்தில் போனால் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். வீட்டில் நாங்கள் மெதுவாக நடக்கப் பழகினோம். பள்ளிக்கூடத்தில் வேறு ஒருத்தி, உங்க அப்பா ஆள் மேல ஸ்பேனர் போட்டாராமே என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். என் கர்வம் அன்றைக்கே போய்விட்டது.

அப்படி இருக்கும்போதுதான் கடிகாரம் வந்தது. ஒரேயடியாக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூரியரில் வந்தது.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் காற்றாடிகளை நட்டு நிறுத்த வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் கையில் பழைய காலத்துக் கடிகாரம் ஒன்று கட்டியிருந்தாராம். சாவி கொடுக்கும் திருகுக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். முகப்புக்குள்ளேயே இடப்பக்கம் ஒரு குட்டி வட்டம், வலப்பக்கம் ஒரு குட்டி வட்டம். இறக்கை சுற்ற ஆரம்பித்ததும் மேல் பொத்தானை அழுத்துவார். நடுவில் இருக்கிற நீள முள் கிளம்பும். இருபது சுற்று முடிந்ததும் மறுபடி அழுத்துவார், முள் நின்றுவிடும். கீழ்ப் பொத்தானைத் தட்டினால் ஓடின முள் எல்லாம் ஒரே குதியில் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அந்தக் குதியை அப்பா எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போது விரலால் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

அந்த மாதிரிக் கடிகாரம் ஒன்றைத் தன் கையாலேயே சேர்த்து ஓட்டிவிட வேண்டும் என்று அந்த ஆனியில் அப்பாவுக்குத் தோன்றியது. போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டார். முட்களை ஓட்டுகிற மிஷின் சீனாவிலிருந்து வந்தது. கூடு ஒருவரிடம், பாலாடை நிறத்து முகப்பு இன்னொருவரிடம், மேலே குமிழ் மாதிரி உப்பிய கண்ணாடி வேறொருவரிடம் என்று ஆர்டர் போட்டார். நீலம் பாய்ந்த எஃகு முட்கள் ஐந்தும் கல்கத்தாவிலிருந்து ஒரு சின்ன டப்பியில் வந்தன. எல்லாம் புத்தம் புதுச் சாமான்; ஆனால் எல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது போலத் தெரிய வேண்டும். புதுசை வாங்கிப் பழசாக்க இவ்வளவு பாடா என்று அம்மா கூரியர்காரரிடம்தான் கேட்டாள். அவர் அன்றாடம் வந்து வந்து எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். "கதவு" என்று அவரே வெளியிலிருந்து சத்தம் கொடுக்கவும் கற்றுக்கொண்டிருந்தார்.

ஊரிலேயே மோசமான காற்றும் தூசியும் அடிக்கிற மாதத்தில், ஊரிலேயே தூசி ஆகாத வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தார். நடு அறையில் மேசையைப் போட்டு, அதன் மேல் கட்டில் கொசுவலையைத் தொங்கவிட்டு, அடிவிளிம்பைச் சுற்றிலும் என் பழைய பாடப்புத்தகங்களை வைத்து அழுத்தினார். உள்ளே மேசை விளக்கு, கண்ணில் செருகிக்கொள்ளும் ஒற்றை லென்ஸ், விரல் நுனிக்கு ரப்பர் உறை, முட்களைப் பிடித்துத் தூக்கக் கூரான சாமணம். மின்விசிறி கிடையாது. பகல் முழுக்க வியர்த்து ஒழுக, அதற்குள் உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்த வலைக்குள் நுழைய அனுமதி இல்லை. வெளியே நின்று பார்த்தால் விளக்கு வெளிச்சத்தில் அப்பா ஒரு பெரிய நிழலாகத் தெரிவார். இடக்கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருப்பார். அப்படியும் சாமணத்தின் நுனி ஆடுவது வலைக்கு வெளியே நிற்கிற எனக்கே தெரியும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பா அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

"இது ஓடிச்சுன்னா மறுநாளே நான் மேல ஏறிருவேன், கேட்டியா."

அம்மா அவர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். கடிகாரம் ஓடினால் அப்பா வேலைக்குப் போவார், கிரீஸ் வாசனை திரும்பி வரும், நிலையின் மேற்கட்டையைத் தொடலாம், பள்ளிக்கூடத்தில் அவள் வாயை அடைக்கலாம். அன்றையிலிருந்து சாமி கும்பிடும்போது அந்தக் கடிகாரத்துக்காகவும் ஒரு நிமிஷம் சேர்த்துக் கும்பிட்டேன்.

வேலை சுலபத்தில் நடக்கவில்லை. சாவித் தண்டைக் கூட்டின் அளவுக்கு அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். முதல் தண்டைத் தேய்க்கும்போது கை உதறி ஒரு மயிரிழை அதிகமாகப் போய்விட்டது. வேறு தண்டு வரப் பத்து நாள் காத்திருந்தார். இரண்டாவது சரியாக அமைந்தது. அன்றைக்கு வலைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டு, மிஷினை வலையோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். உள்ளே குட்டித் தூண்கள் நிற்கிற ஒரு சக்கரம் இருந்தது, ஆறு கால் மண்டபம் போல. பொத்தானை அழுத்தினால் ஒரு கொக்கி அந்த மண்டபத்தை ஒரு தூண் தள்ளிவிடும், அதில்தான் ஓடுவதும் நிற்பதும் இருக்கிறது என்றார். சொல்லும்போது கை அவ்வளவாக ஆடவில்லை என்று எனக்குத் தோன்றியது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆடலியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்தது முட்கள். முதலில் குட்டி வட்டங்களில் உள்ள இரண்டு குட்டி முட்களை வைக்க வேண்டும், அதற்கு மேல்தான் பெரியவை மூன்றும். இடப்பக்கத்துக் குட்டி முள்ளை வைக்க அப்பாவுக்கு மூன்று நாள் ஆனது. வைத்துவிட்டார். வலப்பக்கத்து முள் அதைவிடச் சிறியது. கண்ணிமை மயிர் ஒன்று உதிர்ந்து கிடந்தால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். அதை வட்டத்தின் உச்சிக்கோட்டுக்கு நேராக, இம்மியும் விலகாமல் ஊசிமுனைத் தண்டில் உட்கார வைக்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சோதனை வந்தது. மதிப்பெண் அட்டையில் அப்பா போட்ட கையெழுத்தை டீச்சர் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. இது நீயே போட்டதுதானே என்றார்கள். இல்லை என்றேன். உங்கள் அப்பா கையெழுத்து போன வருஷத்து அட்டையில் எப்படி இருந்தது தெரியுமா என்று அதையும் எடுத்துக் காட்டினார்கள். அப்பாவுக்குக் கை ஆடும் என்று சொன்னால் போதும், விட்டிருப்பார்கள். அத்தனை பிள்ளைகள் முன்னால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள்.

அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அப்பாவிடம் இதைச் சொல்வதா? கையெழுத்துப் போட்ட கையையே திருட்டுக் கை என்று சொல்லிவிட்டார்கள் என்றா? அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்று பின்வாசல் வழியாக வந்தேன். கொண்டியில் கை வைத்தபோது "கதவு" என்ற வார்த்தை பழக்கத்தில் தொண்டைவரை வந்தது. வந்ததை விழுங்கினேன். என் குரல் கேட்டால் அப்பா கூப்பிடுவாரே. மெல்லத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன்.

அம்மா அந்நேரம் முன்வாசலைத் திறந்து வைத்துக் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கடிகாரத்துக்குத் தோல் வார் வந்திருந்தது, கடைசிச் சாமான். கதவு அறைந்துவிடாமல் அவர் தோளைக் கொடுத்து நின்றிருந்தார்.

காற்று என் முதுகைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. நடு அறையில் கொசுவலை ஒருமுறை உப்பி அடங்கியதைப் பார்த்தேன். ஒரு நொடிதான். பிறகு வலைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது, சத்தம் போடாமல், நிதானமாக.

"யாரும் நடக்காதீங்க."

அந்த நிதானத்துக்குப் பயந்து அடுப்படியில் ஆட்டுரல் பக்கம் பதுங்கிக்கொண்டேன். அம்மா முன்வாசலைச் சாத்திவிட்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் அகலத் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். அப்பா நடக்காதே என்று சொல்லியிருந்தும் ஓரமாக நடந்து வந்து, பின்கதவைச் சாத்தி, சத்தம் வராமல் கொண்டியை விரலால் பிடித்து மெல்ல இறக்கினாள்.

அப்பா லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். முகம் முழுக்க வியர்வை. சாமணத்தில் ஒன்றும் இல்லை. லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு ரூபாய்த் துட்டு அளவு உலகம்தான் தெரிந்திருக்கிறது. முள் இருந்தது, பிறகு இல்லை. கதவு ஏதாவது திறந்ததா என்று கேட்டார். முன்கதவுதான், சொல்லிவிட்டுத்தானே திறந்தேன் என்றாள் அம்மா. அப்பா தலையை ஆட்டினார். முன்கதவு மட்டும் திறந்தால் எங்கள் வீட்டில் காற்று வாசலோடு நின்றுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் கண் அடுப்படிப் பக்கம் போனது.

"பொறவாசல்?"

"அது காலையிலேருந்து அடச்சுத்தான் கெடக்கு," என்றாள் அம்மா.

அப்பா வந்து கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். அது ஒழுங்காக இறங்கிக் கிடந்தது. என்னையும் பார்த்தார். இவள் இப்போதுதான் என் கூட முன்வாசல் வழியாக வந்தாள் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அப்பா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ கைதான்," என்றார்.

கை இல்லை அப்பா, காற்று, நான்தான் திறந்தேன் என்று சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். ஆறே வார்த்தை. அதையும் விழுங்கினேன். அழுதால்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்று அழுகையையும் அடக்கிக்கொண்டேன்.

இருட்டுகிற வரைக்கும் தேடினோம். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் சின்னத் துரும்புக்கும் நிழல் நீளமாக விழும். அப்படி அறை முழுக்கப் பார்த்தார் அப்பா. சட்டையைக் கழற்றி வெள்ளை வேட்டியின் மேல் உதறினார். எறும்புக் கால், தென்னந்துடைப்பத் தூசு, என் ரிப்பன் நூல் எல்லாம் கிடைத்தன. நானும் மண்டியிட்டுத் தேடினேன். அப்பா பக்கத்தில் வரும்போதெல்லாம் தள்ளித் தள்ளிப் போனேன்.

ராத்திரி கையெழுத்துச் சங்கதியை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் வந்தாள். டீச்சரிடம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. டீச்சர் அதற்குப் பிறகு என்னிடம் அளவுக்கு மீறிப் பிரியமாக இருந்தார்கள். அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அம்மா கொசுவலையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். நனைப்பதற்கு முன்னால் நான் மடித்துக் கொடுக்கும்போது விளிம்புத் தையலில் ஏதோ நீலமாக மின்னியது. கிட்ட வைத்துப் பார்த்தேன். முள்ளேதான். வலையின் கண்ணி ஒன்றில் குத்திக்கொண்டு நின்றது. என் உயிர் திரும்பி வந்தது. இதைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும், எப்படிப் போனது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பெருங்காய டப்பாவைத் திறந்து, ஒரு துண்டுத் தாளில் மடித்து, உள்ளே போட்டு மூடினாள்.

"அப்பாட்ட சொல்லாண்டாம் மக்கா. வலையில எப்படிப் போய்க் குத்திச்சுன்னு கேப்பாவ. பொறவு கதவு சங்கதி வெளிய வரும். ஒனக்கு அடி விழும்."

அப்பா என்னை அடித்ததே இல்லை என்று முன்பே சொன்னேன். இருந்தாலும் அம்மா சொன்னால் நடக்கும் என்று நம்பினேன். எனக்காக அம்மா பொய் சொல்லியிருக்கிறாள், இப்போது சாமானையும் ஒளித்து வைக்கிறாள். இனி நான் வாயைத் திறந்தால் அம்மாவும் சேர்ந்து மாட்டிக்கொள்வாள். டப்பாவை மூடியதும் அம்மா நடு அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கும் அப்பாவிடம் பயம் என்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து சாம்பாரில் பெருங்காயம் மணந்தாலே தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

அப்பா கல்கத்தாவுக்கு வேறு முட்களுக்கு எழுதிப் போட்டார். அவை வருவதற்குள் வலையைத் திரும்பக் கட்டவில்லை. அரைகுறைக் கடிகாரத்தை ஒரு கண்ணாடிக் குவளையால் மூடி அலமாரியில் வைத்துவிட்டார். தினமும் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன். பல் தேய்க்கும்போது தைரியம் இருக்கும். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கையைப் பார்க்க ஆரம்பித்ததும் போய்விடும். ஆடி நடுவில் புது முட்கள் வந்தன. கூரியர்காரர் நல்ல செய்தி கொண்டுவந்த முகத்தோடு கொடுத்தார். அப்பா வாங்கி, பிரிக்காமலேயே குவளைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனியிலிருந்து போன் வந்தது. கை சரியாகிவிட்டது என்றால் நாளைக்கே வந்து பழையபடி ஏறலாம், இல்லையென்றால் கீழே ஸ்டோரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அதில் உட்காரலாம், மத்தியானத்துக்குள் சொல்லுங்கள் என்றார்களாம். அப்பா இதை அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். தன் முழங்காலுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்திருந்தார்.

"ஏட்டி மக்கா, உள்ளதச் சொல்லணும். அன்னைக்கு முள்ளு போன நேரம், வீட்டுக்குள்ள காத்து வந்துதா?"

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

தெரிந்துவிட்டது, எல்லாம் தெரிந்துவிட்டது என்று என் காதுக்குள் இரைந்தது. அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையில் பாதி துருவின தேங்காய்மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஆமாம் என்று சொன்னால் அம்மா சொன்னதும் பொய் என்று ஆகிவிடும். அப்பா என்னை மட்டுமா அடிப்பார்?

"இல்லப்பா," என்றேன்.

"காத்தே வரலியா?"

"வரல."

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். என் தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது. நான்தான் அவரை அழவைக்கப் போகிறேன் என்று பயந்து நின்றேன். அவர் அழவில்லை. என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனை எடுத்தார். ஸ்டோரிலேயே போட்டுக்கொள்ளுங்கள் சார், கை இன்னும் சரியாகவில்லை என்று சொன்னார். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

மத்தியானம் என் தட்டில் அம்மா இரண்டு பொரித்த மீன் வைத்தாள். ஒன்று அவளுடைய பங்கு. பொய்யைத் தடுமாறாமல் சொல்லி என் முதுகைக் காப்பாற்றிக்கொண்டதற்குக் கூலி என்று எடுத்துக்கொண்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு அம்மா பேசிக்கொண்டே பரிமாறினாள். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவள், காற்றாடிகளைப் பார்த்தபடி நின்று மடித்தாள். கண்ணில் மண் விழுமே என்று அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆனால் அந்தச் சாப்பாட்டின்போது இன்னொன்றும் நடந்தது. அப்பா டம்ளர் நிறையத் தண்ணீரை வலது கையால் எடுத்தார். விளிம்புவரை இருந்த தண்ணீர். உதட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்து முடித்து, கீழே வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டம்ளர் ஆடவே இல்லை. அப்பா, கை ஆடல என்று கத்த வாயெடுத்தேன். உடனே பயம் பிடித்துக்கொண்டது. கை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆகிவிட்டால், அப்போது முள்ளைக் கொண்டுபோனது யார் என்ற கேள்வி திரும்பி வருமே. அப்பா தன் கையைப் பார்த்தார், அம்மாவும் அதைப் பார்த்தாள், இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பயந்துகொண்டிருப்பவள் நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, இரண்டாவது மீனையும் சாப்பிட்டு முடித்தேன்.